வாலா? போ!

டிசம்பர் 14, ஞாயிறு

பண்ருட்டிப் பக்கம் வேர்க்கடலை என்று யாரும் சொல்வதில்லை. மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்பது நாக்கில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. விளைச்சலை ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை போடுகிறவர்கள் அதையும் சுருக்கி வெறும் ‘மணிலா’ என்பார்கள். ‘மணிலா என்ன வெல போவுது?’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஆறாம் வகுப்பில் வாத்தியார் மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் என்றபோது சிரிப்புதான் வந்தது. இன்று அந்த ஊரில் மனைவியோடு வந்து இறங்கியிருக்கிறேன்.

டிசம்பர்தான் இங்கே இதமான மாதமாம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விமான நிலையத்திலிருந்து நாங்கள் தங்கும் மலாத்தே பகுதி பத்து கிலோமீட்டர்கூட இருக்காது, வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. “கிறிஸ்துமஸ், சார்” என்றார் டாக்ஸிக்காரர், வேறு விளக்கம் தேவையில்லை என்பதுபோல. செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட ஆரம்பித்துவிடும் நாடு இது. தெருவெல்லாம் பரோல் என்னும் நட்சத்திர விளக்குகள். அத்தனை வண்டிகளுக்கு நடுவில் ஒருத்தரும் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கவில்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

விடுதி வாசலில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்து, “வெல்கம் போ, மேம்சார்” என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். “வந்ததும் வராததுமா போங்கறா?” மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று அப்புறம்தான் விளங்கியது. நாம் ‘சொல்லுங்க’, ‘வாங்க’ என்பதில் ஒட்டும் ‘ங்க’ மாதிரி, தகாலோக் மொழியில் ‘போ’. பெரியவர்களிடமும் அறிமுகமில்லாதவர்களிடமும் வாக்கியத்துக்கு வாக்கியம் போ போட வேண்டும். போடாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். ‘மேம்சார்’ என்பது எங்கள் இருவரையும் ஒரே மூச்சில் விளிப்பது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜாலிபீக்குப் போனோம். பொரித்த கோழியோடு ஒரு உருண்டை சோறு, ஊற்றிக்கொள்ளக் குழம்பு. இந்த ஊரில் சோறு இல்லாமல் எதுவும் சாப்பாடு இல்லை. அந்த விஷயத்தில் நம் ஆட்கள். ஸ்பாகெட்டி மட்டும் பாயசம் பாதி, தக்காளி பாதி. கல்லாவில் இருந்த பையனிடம் “காரமா இருக்குமா?” என்று கேட்டேன். அவன் புருவத்தைத் தூக்கினான். பதிலுக்குக் காத்திருந்தேன். மறுபடி தூக்கினான். இங்கே புருவம் தூக்கினால் ‘ஆமாம்’ என்று எனக்குத் தெரிவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் பினோண்டோ. 1594-இல் உருவான சைனா டவுன், உலகிலேயே பழையது என்கிறார்கள். நெரிசல், எண்ணெய் வாசனை, ஈர நடைபாதை. லும்பியா என்ற காய்கறிச் சுருள் நன்றாக இருந்தது, அதிலும் கடலைப் பொடி தூவியிருந்தார்கள். மத்தியானம் அறைக்கு வந்து தூங்கிவிட்டோம். ராத்திரிக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். 1762-இல் ஆங்கிலேயர்கள் சென்னையிலிருந்து கப்பல்களில் படை கொண்டுவந்து மணிலாவைப் பிடித்தார்கள். அப்போது ஸ்பெயின்காரர்களின் ஊர் இது. படையில் சென்னைப் பட்டணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது, சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கப்பல் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா என்ற ஊரில் பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கறிக்குழம்பு செய்யப் பார்த்ததில் பிறந்ததுதான் கரே-கரே என்று ஒரு கதை. மாட்டு வால், குடல், வாழைப்பூ, கத்திரிக்காய், காராமணி, எல்லாம் கெட்டியான கடலைக் குழம்பில். கதைதான். பம்பாங்கா மாகாணத்துக்காரர்கள் அது தங்கள் ஊர்ப் பண்டம் என்பார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் மணிலாவில் உட்கார்ந்து மணிலாக்கொட்டையில் கறி சமைத்தான் என்றால், சாப்பிடாமல் எப்படித் திரும்புவது?

நாங்கள் போன இடம் பார்க்க அழகு. பழைய ஸ்பானிய வீடு மாதிரி கட்டி, சிப்பி ஓடு பதித்த ஜன்னல்கள், மரத்தரை, மூலையில் கிடார் வாசிக்கும் மூன்று தாத்தாக்கள். பெயர் வேண்டாம். உணவுப் பட்டியல் பன்னிரண்டு பக்கம், கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு.

பரிமாற வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். மாட்டு வால் கரே-கரே என்றேன். முகம் வாடியது. “சார், வாலா நா போ.”

‘வாலா? போ!’ என்றுதான் என் காதில் விழுந்தது. வால் கேட்டதற்கு இப்படி ஒரு பதிலா என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். ‘வாலா’ என்றால் அவர்கள் மொழியில் ‘இல்லை’. ‘இனிமேல் இல்லைங்க’ என்கிறாள். மனைவி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

சரி, வேறு என்ன இருக்கிறது? சுட்ட மீன்? வாலா போ. புளிபோட்ட சினிகாங் சூப்? வாலா போ. கடைசியில் ஹாலோ-ஹாலோ உண்டா என்று கேட்டேன், வெறும் ஐஸ் துருவலும் பாலும் பயறும்தானே. ஐஸ் மெஷின் ரிப்பேராம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் பாதி குனிந்து, தன் வீட்டில் சாவு விழுந்ததைப்போல் சொன்னதால் கோபப்படவும் முடியவில்லை. வாலுக்குப் பதில் மாட்டிறைச்சியும் குடலும் போட்டு கரே-கரே தருகிறோம், விலை அதேதான் என்றாள். மாடு தொடாத மனைவிக்கு தினோலா, இஞ்சி தட்டிப் போட்ட கோழிச்சாறு. அதில் முருங்கைக்கீரை போடுவார்கள். இங்கே அதன் பெயர் மலுங்காய். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஐம்பது நிமிடம் ஆனது. பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள், சமையற்கட்டில் இருந்தவர்கள் உட்பட அத்தனை பேரும் வெளியே வந்து கைதட்டிப் பாடினார்கள். அடுப்பை யார் பார்க்கிறார்கள் என்ற கவலை எனக்கு.

கரே-கரே மண் சட்டியில் வந்தது. ஆவி இல்லை. விளிம்பில் ஆடை கட்டியிருந்தது. நல்ல செம்மஞ்சளாக இருக்கும் என்று படித்திருந்தேன், இது சந்தனம் கரைத்த மாதிரி. ஒரு வாய் வைத்தேன். தித்திப்பு. பாட்டிலில் விற்கும் பீனட் பட்டரைத் தண்ணீர் விட்டுக் கரைத்திருக்கிறார்கள். மல்லாட்டை விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. அம்மா இரும்புச் சட்டியில் மணல் போட்டு வறுப்பாள். தோல் வெடித்து, கொஞ்சம் கறுத்து, அந்தக் கறுப்பில்தான் வாசனை. பச்சைக் கொட்டைக்கு ஒரு ருசி, அவித்ததற்கு ஒன்று, வறுத்ததற்கு ஒன்று. இதில் மூன்றும் இல்லை. குடல் பல்லில் மாட்டி, இழுத்து, விட்டால் திரும்பிப் போனது. இறைச்சி வெந்திருந்தது, அவ்வளவுதான். வாழைப்பூ என்று இரண்டு மடல்.

உப்பே இல்லை. அது அவர்கள் குற்றமில்லை. கரே-கரேக்கு உப்பு போட மாட்டார்கள், கூட பகோஓங் வைப்பார்கள். கூனி இறாலை உப்பில் புளிக்கவைத்த விழுது. ஒவ்வொரு கவளத்திலும் அதைத் துளி தொட்டுக்கொண்டால்தான் குழம்புக்கு உயிர். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“பகோஓங்?”

அவள் கண்ணில் ஏற்கெனவே பதில் தெரிந்தது. “வாலா...”

“போ” என்று நானே முடித்துவைத்தேன்.

அதற்குப் பதிலாக ஒரு உப்புக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். மேலாளர் வந்தார், மன்னிப்புக் கேட்டார், விலையைக் குறைக்கலாமா என்றதற்குக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்றார், மறுபடி மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பட்டினி போட்டதில்லை.

எதிரில் மனைவி கரண்டியால் கிண்ணத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். “ஏங்க, இந்தக் கோழிக்குக் கழுத்தும் ரெக்கையும் மட்டுந்தான் இருந்துச்சா?” நானும் பார்த்தேன். கழுத்து ஒன்று, இறக்கை ஒன்று, மீதியெல்லாம் பப்பாளிக்காய். மலுங்காய் இலை மூன்று மிதந்தது.

கரே-கரே 685, தினோலா 465, ஒரு கிண்ணம் சோறு 65, அது இரண்டு, கலமான்சி எலுமிச்சைச் சாறு 120, அதுவும் இரண்டு. பத்து சதவீதம் சேவைக் கட்டணத்தோடு 1,672 பெசோ. ஒரு பெசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தாக்கள் எங்கள் மேசைக்கு வந்து ஒரு பாட்டுப் பாடினார்கள், அதற்கு 100 தனி. உண்மையைச் சொன்னால் அன்று கொடுத்த காசுக்குப் பொருள் கிடைத்தது அந்தப் பாட்டுக்கு மட்டும்தான்.

டிசம்பர் 16, செவ்வாய்

பசியில் மூன்றரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வெளியே ஒலிபெருக்கிச் சத்தம். இன்றிலிருந்து 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை, சிம்பாங் கபி என்கிறார்கள். மார்கழி பிறந்ததும் நம் கோயில்களில் ஒலிபெருக்கி கட்டுவது போலவே இருக்கிறது. தேதியும் கிட்டத்தட்ட அதே. இருட்டில் மலாத்தே தேவாலயத்துக்கு நடந்தோம். உள்ளே இடமில்லாமல் கூட்டம் வாசலில் நின்றது. தூக்கம் கலையாத குழந்தைகள் அப்பன் தோளில்.

வாசல் ஓரம் ஒரு அம்மா அடுப்பு மூட்டியிருந்தார். நீராவிப் பானைமேல் மூங்கில் குழாய்கள் நட்டுவைத்து, ஊதா நிற அரிசி மாவை அடைத்து, வெந்ததும் தட்டிக் கொட்டினார். தேங்காய்த் துருவல், பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய். பெயர் புத்தோ பும்போங். புத்தோ! குழாய்ப் புட்டேதான், நிறம் மட்டும் கத்திரிப்பூ. வாழையிலையில் வைத்து 70 பெசோ. நான் மூன்று சாப்பிட்டேன். மனைவி இரண்டு. அந்த அம்மா கணக்கு எழுதவில்லை, நாங்கள் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

இந்தத் தேவாலயத்துக்கு எதிரே கடல் அருகில்தான். 1762-இல் சென்னைப் படை இறங்கியதும் இந்தக் கரைதான், கோட்டையைத் தாக்கும்வரை ஒதுங்கியிருந்ததும் மலாத்தே தேவாலயத்தில்தான். பசியோடு இங்கே விடியலுக்குக் காத்திருந்த முதல் ஆள் நானில்லை.

பத்து மணிக்குமேல் இந்த்ராமுரோஸ் என்ற பழைய கோட்டை நகரம். அன்று அந்தப் படை 1762 அக்டோபர் 6-இல் பிடித்தது இதைத்தான். பிடித்த கையோடு கொள்ளையும் அடித்தார்கள், 1607-இல் கட்டி முடித்த சான் அகுஸ்தின் தேவாலயம்கூடத் தப்பவில்லை. அந்தக் கொள்ளையில் நம் ஆட்களுக்குப் பங்கு இருந்திருக்கும் என்பதை நினைத்ததும், சிப்பாய்களைப் பற்றி நேற்றுவரை இருந்த பாசம் கொஞ்சம் குறைந்தது.

சாந்தியாகோ கோட்டையில், இந்த நாட்டின் தேசிய நாயகனான எழுத்தாளர் ஹோசே ரிசால் அடைக்கப்பட்ட அறை இருக்கிறது. 1896 டிசம்பர் 30-ஆம் தேதி ஸ்பானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. கடைசியாக நடந்த பாதையில் வெண்கலக் காலடிகள் பதித்திருக்கிறார்கள். என் காலை அதில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. வழிகாட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர் போலிருந்தார், ‘பிலாங்கோ, பிலாங்கோ’ என்று சொல்லிக்கொண்டே போனார். கைதி என்று அர்த்தமாம். நம் விலங்கு மலாய் வழியாக இங்கே வந்து கைதியாகிவிட்டது.

ஊர்ச் சாப்பாடு எப்படி என்று அவர் கேட்க, மனைவி நேற்றைய தினோலாவைச் சொன்னாள். கழுத்து, இறக்கை என்றதும் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரிசால் 1887-இல் வெளியிட்ட நோலி மீ தாங்கெரே நாவலில் ஒரு விருந்து வருகிறதாம். எல்லாருக்கும் தினோலா பரிமாறும்போது, தமாசோ என்ற கர்வம் பிடித்த பாதிரியார் கிண்ணத்தில் மட்டும் கழுத்தும் முற்றின இறக்கையும் விழும். அவர் கரண்டியால் நசுக்கி நசுக்கிக் கோபத்தைக் காட்டுவார். 1956-இல் போட்ட சட்டப்படி பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ரிசாலைப் படித்தாக வேண்டும் என்பதால், இந்த நாட்டில் அந்தக் கிண்ணத்தைத் தெரியாதவர் இல்லை. “பாத்ரே தமாசோ மேம்!” என்று மனைவிக்கு ஒரு கும்பிடு போட்டார். அன்று முழுக்க அவளுக்கு அந்த நினைப்பிலேயே நல்ல மனநிலை. எனக்கு மட்டும் நாக்கில் தித்திப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 17, புதன்

காயிந்தாவுக்குப் போவது என்று முடிவு செய்தேன். “இன்னொரு கரே-கரேவுக்கா?” என்றாள் மனைவி. ஊர் பார்க்க என்றேன். அவள் நம்பவில்லை.

ரயிலில் பாதித் தூரம், மிச்சம் ஜீப்னி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, பெஞ்சு போட்டு ஆரம்பித்த வண்டி. கண்டக்டர் கிடையாது. கடைசியில் உட்கார்ந்தவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கை கையாக டிரைவருக்குப் போய், சில்லறையும் அப்படியே திரும்பி வருகிறது. குறைந்த கட்டணம் 13 பெசோ. என் ஐம்பது பெசோ ஐந்து பேர் கைமாறிப் போய், மீதி சரியாக வந்தது. இறங்க வேண்டுமானால் ‘பாரா போ’ என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன், தயங்கித் தயங்கி. டிரைவர் காதில் விழவில்லை. ஊரைத் தாண்டி வெகுதூரம் போனபிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண் எங்களுக்காகக் கத்தினாள். மொட்டை வெயிலில் திரும்பி நடந்தோம்.

காயிந்தாவில் என்ன பார்த்தேன்? ஒரு பெரிய நாற்சந்தி, டிரைசைக்கிள்கள், ஒரு தேவாலயம், கடைகள். யாரும் எங்கள் சித்தப்பா ஜாடையில் இல்லை. இல்லை, ஒருவர் இருந்தார், டயர் கடைக்காரர். அதுவும் வெயில் மயக்கமாக இருக்கலாம்.

தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கரிந்தேரியா. நம் மெஸ் மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், விரலை நீட்டினால் அள்ளி வைப்பார்கள். கல்லாவில் ஒரு பாட்டி. மூடியைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்த பேத்தியிடம், மனைவி முகத்தைப் பார்க்காமல், “கரே-கரே?” என்றேன்.

“வாலா போ!”

இந்தத் தடவை மனைவி அடக்கவில்லை. ஏன் இவ்வளவு சிரிப்பு என்று அவர்கள் கேட்க, ‘வால்’ என்றால் எங்கள் மொழியில் என்ன, ‘போ’ என்றால் என்ன என்று நான் பின்னால் கையை ஆட்டி நடித்துக்காட்ட, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘பும்பாய்’ என்று ஒருவர் எங்களைக் காட்டிச் சொன்னார். இந்தியர்களுக்கு இங்கே அதுதான் பெயர். ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரர்கள் என்றும் ஒரு பேர் உண்டு. “சின்ன வயசில் சோறு சாப்பிடாவிட்டால் பும்பாய் மூட்டையில் போட்டுக்கொண்டு போவான் என்பாள் என் அம்மா” என்றார் பாட்டி. பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சங்கடப்பட்டாள். எங்கள் ஊரில் பூச்சாண்டி வருவான் என்போம் என்று நானும் சொன்னேன். நானே ஒரு ஊரின் பூச்சாண்டி என்று தெரிந்துகொண்டது இன்றைக்குத்தான்.

கரே-கரே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். வாலை நாலு மணி நேரம் வேகவைக்க வேண்டும். கடலையை வறுத்து, பச்சரிசியையும் சிவக்க வறுத்து, இரண்டையும் அரைக்க வேண்டும். நிறத்துக்கு அச்சுவேத்தே விதை. வார நாளில் யாருக்கு நேரம் என்றார். பாட்டிலில் விற்கும் பீனட் பட்டரைப் போட்டால்? பாட்டி உதட்டைக் குவித்து வாசல் பக்கம் காட்டினார். இங்கே திசை காட்டுவது உதட்டால். வெளியே போ என்கிறாரோ என்று பயந்தேன். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்குப் போடு என்கிறார்.

பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது இருந்தது. பண்ருட்டிக்காரனுக்கு வேறென்ன வேண்டும். மனைவிக்குக் கோழி அதோபோ, காடியும் பூண்டும் மிளகும் தூக்கலாக, நல்ல தொடைக்கறி. நான் கையால் பிசைந்ததைப் பார்த்துப் பாட்டி தலையாட்டினார். இரண்டு பேருக்கும் 210 பெசோ. பலாப்பிஞ்சில் உப்பு ஒரு கல் கூடுதல், எழுதாமல் விட்டால் அநியாயம்.

கிளம்பும்போது, உங்கள் மணிலாவின் பெயரைத்தான் எங்கள் ஊரில் கடலைக்கு வைத்திருக்கிறோம் என்றேன். மெக்சிகோவிலிருந்து அந்தக் காலத்து ஸ்பானியக் கப்பல்கள் மணிலாவுக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து எங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று வரலாறெல்லாம் சொன்னேன். பேத்தி மொழிபெயர்த்தாள். பாட்டி சரியாகக் காதில் வாங்காமல், “மனி? மனி?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், பூண்டு போட்டு வறுத்த கடலை ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தகாலோக்கில் கடலைக்குப் பெயர் மனி. நான் கடலை வேண்டுமென்று கேட்டதாக நினைத்துவிட்டார். 20 பெசோ. கூடவே ஒரு பாட்டில் பகோஓங், 90.

திரும்பும் வழியில் இரண்டு மணி நேர நெரிசல். பொட்டலத்தைப் பிரித்தோம். தோலோடு, அங்கங்கே கறுத்து, பூண்டுச் சீவல் மொறுமொறுவென்று. பேசாமல் சாப்பிட்டோம். அடியில் கிடந்த உப்பைக்கூட மனைவி விரலால் தொட்டு எடுத்தாள்.

டிசம்பர் 18, வியாழன்

பகோஓங் பாட்டிலைப் பெட்டியில் வைத்தால் உடைந்து துணி நாறும் என்று கைப்பையில் வைத்தது என் யோசனை. சோதனையில் எடுத்துவிட்டார்கள். நூறு மில்லிக்கு மேல். அந்த அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்து, நல்ல சரக்கு என்பதுபோல் தலையாட்டி, “சாரி போ” என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

காத்திருந்த நேரத்தில் ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு நாங்கள் எந்த ஊர் என்பது சரியாகப் பிடிபடவில்லை. மணிலா என்றதும் புரிந்துவிட்டது.

“அங்க மல்லாட்ட மூட்ட என்ன வெல போவுது?”

கேட்கவில்லை என்றேன். அவ்வளவு தூரம் போய் அதைக்கூடக் கேட்கவில்லையா என்றாள். பொட்டலம் இருபது பெசோ, முப்பது ரூபாய், நூறு கிராம் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“வறுத்ததா, பச்சையா?”

வறுத்தது.

“அப்ப பரவால்ல” என்றாள்.